நாலாம் நம்பர் ஆணி

நியூசிலாந்துக்காரர்களிடம் எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்த ஒரு பழக்கம் உண்டு. நல்ல வீடு இருக்கும். குளிருக்கு ஹீட்டர், இரண்டு குளியலறை, மெத்தென்ற கட்டில் எல்லாம் இருக்கும். ஜனவரி பிறந்ததும் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, முந்நூறு கிலோமீட்டர் கார் ஓட்டிப் போய், ஏதோ ஓர் ஏரிக்கரையில் துணிக் கூடாரம் அடித்து, தரையில் படுத்து, பூச்சிக்கடி வாங்கிக்கொண்டு, "ஆகா, இதுவல்லவா வாழ்க்கை" என்பார்கள். ஆஸ்பத்திரியில் என்னுடன் வேலை செய்கிற நர்ஸுகள் முழங்கால் வரை சிவந்து தடித்த காலோடு லீவு முடிந்து திரும்பி வரும்போது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். பத்து வருஷம் அப்படிச் சிரித்ததற்குத் தண்டனையாக, போன ஜனவரியில் என் எட்டு வயது மகள் அடம் பிடித்தாள். வகுப்பில் எல்லாரும் கூடாரத்தில் தூங்கியிருக்கிறார்களாம், அவள் மட்டும்தான் தூங்கவில்லையாம். கணவருக்கு அந்த வாரம் டியூட்டி. நானும் அவளும் மட்டும் கிளம்பினோம்.

ஏரிக்கரையில் ஒரு மரக் குடில். அதில் அரைக்கால் சட்டை போட்ட, தலை முழுக்க நரைத்த ஓர் அம்மாள். அவர் முன்னால் கயிறு கட்டிய தடித்த நோட்டு ஒன்று. மலைப்பாதையில் நடக்கப் போகிறவர்கள் அதில் பெயர், எத்தனை பேர், எந்த வழி, எப்போது திரும்புவோம் என்று எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எழுதினேன். கடைசிக் கட்டத்தைக் காட்டி அந்த அம்மாள், "சொன்ன நேரத்துக்கு நீங்கள் திரும்பவில்லை என்றால் யார் கவலைப்பட்டு எங்களைக் கூப்பிடுவார்கள்? அவர் பெயரும் போன் நம்பரும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. கை தானாக அப்பாவின் பெயரை எழுதியது, 91 போட்டு நம்பரை எழுதியது, பக்கத்தில் மாரிகுப்பம் என்றும் எழுதிவிட்டது. அவர் மா-ரி-குப்-பம் என்று ஒவ்வொரு துண்டாக உடைத்துப் படித்து, "இது வடக்குத் தீவிலா?" என்று கேட்டார். இந்தியாவில், கேஜிஎஃப்பில் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ரொம்பத் தன்மையாக, "இங்கே உங்களுக்கு யாருமே இல்லையா, டியர்?" என்றார்.

இருக்கிறார்கள். வீட்டில் கணவர் இருக்கிறார், பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள், வார்டில் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு என் கைக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதை எப்படி விளக்குவது? "இவர் இந்த வேலையைத்தான் ஆயுசு முழுக்கச் செய்தவர்" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாளுக்கு மரியாதை வந்துவிட்டது. "ஓ, மீட்புப் படையில் இருந்தவரா?" என்றார். நான் ஏறக்குறைய என்று சொல்லி வைத்தேன். அவர் அந்த வரியை அடிக்காமல் விட்டு, அதற்குக் கீழே உள்ளூர்ப் பெயர் ஒன்றும் எழுதச் சொன்னார்.

அப்பா மீட்புப் படையில் எல்லாம் இல்லை. கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தில், நந்திதுர்க் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் பேங்க்ஸ்மேன். ஷாஃப்டின் வாயில் நிற்கிற ஆள். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று பார்த்து, கதவைச் சாத்தி, மணியடித்து, கூண்டை இறக்கச் சொல்வது அவர் வேலை. அவர் மணியடிக்காமல் ஓர் ஈகூட அந்தக் குழிக்குள் இறங்க முடியாது என்று நாங்கள் தெருவில் பீற்றிக்கொள்வோம். அவர் நம்பியது இரண்டை. ஒன்று மணி. மூன்று முறை அடித்தால் 'ஆள் இருக்கிறது, பார்த்து' என்று அர்த்தம். இன்னொன்று டோக்கன் பலகை. கீழே இறங்குகிற ஒவ்வொருவனும் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட வில்லையை எடுத்துக்கொண்டு போவான். மேலே ஏறியதும் அதே ஆணியில் மாட்டுவான். ஷிப்டு முடிந்த பிறகு ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். அந்த ஆள் வரும்வரை பேங்க்ஸ்மேன் வீட்டுக்குப் போக மாட்டான். ஒருவன் டோக்கனை இன்னொருவன் மாட்டக் கூடாது. அப்பாவின் அகராதியில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

1999 மே மாதம், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அப்பாவுக்குக் கூடார ஆசை வந்தது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே வீட்டுக்கு வீடு உலவிக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்த லீவை எடுத்துத் தொலைக்கலாம் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் சொன்ன காரணம் வேறு. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் அவர்கள் குடும்பத்தோடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டு வாத்து சுடப் போவார்களாம். அந்தக் கூடாரத்தைத் தலையில் சுமந்துகொண்டு போனவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த மனுஷன். "எங்கப்பன் டென்ட்ட தூக்குனாரு, ஒரு நாளும் உள்ள படுத்தது இல்ல. நாம படுத்துப் பாத்துடலாம்" என்றார் அப்பா. அம்மா, "தரைல படுக்க அவ்ளோ தூரம் இன்னாத்துக்குப் போவணும்? இங்கயே தரை கீது" என்றாள். சொல்லிவிட்டு, பழைய தார்ப்பாய் இரண்டை எடுத்துவைத்துக் கோணி ஊசியால் தைக்க ஆரம்பித்தாள். அம்மாவின் சம்மதம் எப்போதும் இந்த வடிவத்தில்தான் வரும்.

வண்டிக்கு முருகேசன் மாமா. அம்மாவின் தம்பி, பங்காரப்பேட்டையில் ஒரு ஸ்கூலுக்கு மெட்டடார் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூல் லீவு. முதலாளியிடம் சொல்லி வேனை வாங்கி வந்து, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டார். அந்த இடத்தில் தார்ப்பாய், கம்புகள், ஸ்டவ், பானைகள், அரிசி, போர்வை மூட்டைகள். மூட்டைகளுக்குப் பின்னால் நான் ஒரு குகை அமைத்துக்கொண்டேன். உள்ளே போய்ச் சுருண்டுவிட்டால் முன்னால் இருப்பவர்களுக்குத் தலைகூடத் தெரியாது. அக்கா சுமதிக்குப் பதினொரு வயது. அவளுக்கு ஜன்னல்தான் வேண்டும்.

கிளம்புகிற அன்று அப்பா வேன் கதவின் உள்பக்கத்தில் ஒரு பலகை அடித்தார். வெடிமருந்துப் பெட்டியிலிருந்து உடைத்த பலகை. அதில் ஐந்து ஆணி. பிஸ்கட் டின் மூடியை வட்டமாக வெட்டி, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி நம்பர் போட்ட ஐந்து வில்லைகள். அப்பா ஒன்று, அம்மா இரண்டு, அக்கா மூன்று, நான் நாலு, மாமா ஐந்து. வண்டியை விட்டு இறங்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது மாட்ட வேண்டும். ஐந்தும் தொங்கினால்தான் வண்டி நகரும். "ஸ்டேரிங் புடிக்கறவனுக்கு இன்னாத்துக்கு மச்சான் டோக்கனு?" என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் உண்டு" என்றார். அம்மா தன்னுடையதை முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் பெரிய மனுஷர்கள் மட்டும் வைத்திருக்கிற சாமான் என் கையில். வழியில் ராபர்ட்சன்பேட்டையில் எண்ணெய் வாங்க நிறுத்தியபோது இறங்க வேலையே இல்லாவிட்டாலும் இறங்கினேன், டோக்கனை எடுத்து மாட்டுவதற்காகவே.

முதல் நாள் பேத்தமங்கலம் ஏரி. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று நீங்கள் சிரிக்கலாம். எங்களுக்கு அது வெளிநாடு. அப்பா கூடாரம் அடித்த அழகை இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. சுரங்கத்தில் பாறைக்கு முட்டுக் கொடுப்பதுபோல ஒவ்வொரு கம்பையும் நட்டு, ஆப்பு அடித்து, முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் அடுத்த கம்புக்குப் போனார். சுற்றிலும் மழைநீர் ஓடச் சிறு வாய்க்கால் வெட்டினார். படுக்கும்போது எல்லார் தலையும் வாசல் பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். எதாவது ஆச்சுன்னா எழுந்து ஓடணுமாம். நான் இங்கே வாங்கிய கூடாரம் பையிலிருந்து எடுத்து உதறினால் தானே விரிந்துகொள்கிறது. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தட்டிப் பார்த்தால் ஒரு சத்தமும் வருவதில்லை.

ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்கு நாங்கள் யாரென்றே பிடிபடவில்லை. மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "மனெ இல்வா நிமகெ?" என்றார். உங்களுக்கு வீடு இல்லையா என்று கேட்கிறார். "இதெ. அதக்கே பந்த்வி" என்றார் அப்பா. இருக்கிறது, அதனால்தான் வந்தோம். பெரியவருக்கு அது புரியவில்லை. பாவம், எதையோ இழந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அம்மா அந்தச் சொம்பை வெறுமனே திருப்பித் தரமாட்டாள். வேகவைத்த கடலையை நிரப்பிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மாமா ஒரு சேதி சொன்னார். இந்த ஏரித் தண்ணிதான் பைப்பில் போய்ப் போய் நம் தெருக் குழாயில் வருகிறது என்றார். அம்மா அடித்துப் பிடித்து வரிசையில் நின்று பிடிக்கிற தண்ணி இங்கே இப்படி ஊர்ப்பட்டதாக விரிந்து கிடக்கிறதே என்று நான் வாயைப் பிளந்தேன். கரைக்கு அந்தப் பக்கம், சரிவில், தரையோடு தரையாக அந்தப் பெரிய இரும்புக் குழாய் ஓடுவதையும் மாமா காட்டினார். அதில் காது வைத்தால் தண்ணி ஓடுகிற சத்தம் கேட்கும், உற்றுக் கேட்டால் நம் தெருவில் சண்டை போடுகிற சத்தமும் கேட்கும் என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆவணி மலைக்குக் கிளம்ப வேண்டும். கூடாரம் பிரித்து, மூட்டை கட்டி, எல்லாம் ஏற்றியாகிவிட்டது. எனக்கு அந்தக் குழாயில் காது வைத்துப் பார்க்காமல் போக மனசில்லை. ஒரே ஓட்டமாக ஓடிவிட்டு வந்துவிடலாம். ஆனால் டோக்கன் மாட்டாமல் இருந்தால் அப்பா, "நாலு எங்க?" என்று கத்துவார். அக்கா ஏறப் போனாள். என் வில்லையை அவள் கையில் திணித்து, "என்னுதையும் மாட்டிடு, பின்னாடியே வந்துட்டேன்" என்றேன். அவளும் ஏறினாள், இரண்டையும் மாட்டினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பின்பக்கமாக ஏறிக் குகைக்குள் போயிருப்பேன் என்று நினைத்தாளாம். அப்பா கடைசியாக வந்து தன்னுடையதை மாட்டினார். பலகையைப் பார்த்தார். ஐந்து ஆணி, ஐந்து வில்லை. "ரைட்" என்றார்.

குழாயில் காது வைத்துக் கேட்டுவிட்டு நான் திரும்பிக் கரைமேல் ஏறியபோது வேன் இல்லை. கூடாரம் இருந்த இடத்தில் புல் சப்பையாக அழுந்திக் கிடந்தது. காற்றுக்கு மறைப்பாக ஸ்டவ்வைச் சுற்றி வைத்த மூன்று கல் அப்படியே இருந்தன. முதலில் அழுகை வரவில்லை. ஒளிந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு தூரத்தில், ரோட்டில், தூசி அடங்குவதைப் பார்த்தேன். அப்போதும் பெரிய பயம் இல்லை. ஆள் குறைந்தால் அப்பா விடமாட்டார், உலகத்தையே நிறுத்திவிட்டுத் தேடுவார். அதற்குத்தானே பலகை. அந்த நினைப்பிலேயே இரண்டு அடி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் டோக்கன் பலகையில் தொங்குகிறது. பலகைப்படி நான் ஏறிவிட்டேன். ஏறிவிட்ட ஆளை யாரும் தேட மாட்டார்கள்.

அந்த நிமிஷத்தை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. வழி தவறிய குழந்தைக்கு 'அப்பா தேடுவார்' என்ற ஒரு பிடிமானமாவது இருக்கும். அதை நானே என் கையால் அக்காவிடம் கொடுத்து மாட்டச் சொல்லியிருந்தேன். அதுவும் யாரை ஏமாற்றி? எங்கள் அப்பாவை. குலுங்கிக் குலுங்கி அழுதேன். ரோட்டைப் பார்த்து ஓடலாமா என்று தோன்றியது. அப்போது அப்பா வீட்டில் சொல்கிற கதை நினைவுக்கு வந்தது. கீழே மண் சரிந்து மாட்டிக்கொண்டவன் அங்கே இங்கே அலையக் கூடாது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து குழாயோ தண்டவாளமோ எது கையில் அகப்படுகிறதோ அதைத் தட்ட வேண்டும். தட்டினால் மேலே கேட்கும். கரைச் சரிவில் குழாய் இருந்தது. அது எங்கள் தெருவுக்குப் போகிற குழாய். ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வந்து குழாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது.

சத்தம் கேட்டு முதலில் வந்தது காக்கிச் சட்டை போட்ட ஒரு வாட்ச்மேன். பெரிய மீசை. கையில் ஸ்பானர். "ஏய், பைப் யாக்கெ ஹொடீத்தீயா?" என்று அதட்டினார். குழாயை ஏன் அடிக்கிறாய்? எனக்குத் தெரிந்த கன்னடத்தையும் தமிழையும் அழுகையையும் கலந்து, "டோக்கன் வேன்ல இதெ, நான் இல்லி இதீனி" என்றேன். டோக்கன் வேனில் இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன். என் வாழ்க்கையில் அதைவிடத் தெளிவாக நான் எதையும் சொன்னதில்லை. அவருக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. பஸ் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய் கேஜிஎஃப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் வா என்று கையை நீட்டினார். நான் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நகர மாட்டேன், தட்ட வேண்டும், மூணு மூணாக. விரலைக் காட்டினேன்.

அந்த மனுஷன் என்ன நினைத்தாரோ தெரியாது. ஏதாவது வேண்டுதல் என்றுகூட நினைத்திருக்கலாம். என் கையிலிருந்த கல்லைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தன் ஸ்பானரால் குழாயை மூன்று தட்டுத் தட்டினார். என் கல்லுக்கு டொக் டொக் என்றது, அவர் ஸ்பானருக்குக் கணீர் கணீர் என்றது. நிறுத்தினார். சரிதானா என்பதுபோலப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மறுபடி மூன்று. எதற்கென்று தெரியாத ஒரு காரியத்தை, யாரென்று தெரியாத ஒரு பிள்ளைக்காக, காக்க வேண்டிய குழாயைத் தானே அடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எத்தனையோ நல்லவர்களைப் பிறகு பார்த்துவிட்டேன், அவருக்கு ஈடாக ஒருவரைச் சொல்லத் தெரியவில்லை.

வேனில் நடந்ததை மாமா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருக்கிறார்கள். அம்மா மாங்காயைக் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, திரும்பிப் பார்க்காமலே ஒரு கீற்றை மூட்டைப் பக்கம் நீட்டினாள். மாங்காய் நீட்டி என் கை வராமல் இருந்ததாக எங்கள் வீட்டுச் சரித்திரத்திலேயே கிடையாது. கை வரவில்லை. அம்மா திரும்பினாள், மூட்டையை இழுத்தாள், "வண்டிய நிறுத்துடா" என்று அலறினாள். அப்பா நம்பவில்லை. பலகையைக் காட்டி, "எல்லாம் ஏறிடுச்சு, போர்டு ஃபுல்லா கீதே" என்றாராம். "போர்டா புள்ள பெத்துச்சு? மூஞ்சியப் பாத்தியா நீ?" என்றாள் அம்மா.  மாமா அங்கேயே வண்டியைத் திருப்பினார்.

கரை ஓரம் வேன் நின்றதுமே அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. மூன்று, இடைவெளி, மூன்று. வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம். கரைமேல் அவர் தலை தெரிந்தது. ஓடி வந்தவர் எனக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார். தலை முதல் கால் வரை பார்த்தார். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு, "நான்தாம்பா அக்காகிட்ட குடுத்தேன், நான்தாம்பா மாட்டச் சொன்னேன்" என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் அப்பா வாட்ச்மேனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். "தப்பு நந்து" என்றார். தப்பு என்னுடையது. பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு, "ஆள் பாக்காம மணி அடிச்சிட்டேன்டி" என்றார். என் கழுத்தில் அவர் கண்ணீர் பட்டது. ஷாஃப்டிலிருந்து பிணத்தை ஏற்றிய அன்றுகூட அழாத ஆள் என்று அம்மா பிறகு சொன்னாள். வாட்ச்மேனுக்கு இதில் எதுவும் புரிந்திருக்காது. ஸ்பானரைத் துடைத்து வைத்துக்கொண்டு, இனிமேல் குழாயை அடிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு இரண்டு நாள் ஆவணி மலை, கோலார் பக்கம் அந்தரகங்கை என்று சுற்றினோம். குரங்கு ஒன்று அக்காவின் ரிப்பனைப் பிடுங்கிக்கொண்டு போனது. மாமா பாறைக்கு நடுவில் சுனையில் குளித்துவிட்டுப் பல் கிட்டிப் போனார். எல்லாம் ஆனந்தம்தான். ஆனால் ஒரு மாற்றம். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் பலகையில் ஐந்தும் தொங்கினாலும் அப்பா பின்னால் திரும்பி, மூஞ்சி மூஞ்சியாகப் பார்த்து, நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். "ஏறிட்டேம்பா" என்று நாங்கள் குரல் கொடுத்தால்தான் ரைட். ஒரு தொழிலில் ஊறிய ஆள் தன் கணக்கையே சந்தேகப்படக் கற்றுக்கொள்வது சின்ன விஷயமில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று நாங்கள் வேண்டுமென்றே கீச்சுக் குரலில் ஏறிட்டேம்பா என்று கத்தி அவரைச் சிரிக்க வைத்தோம்.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அப்பா தன் பித்தளை டோக்கனை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பரணிலிருந்து அந்த வெடிமருந்துப் பெட்டிப் பலகையை இறக்கி, துடைத்து, வீட்டு வாசலில் உள்பக்கமாக அடித்தார். அன்றிலிருந்து எங்கள் வீடுதான் அவருக்கு ஷாஃப்ட். பள்ளிக்குப் போனாலும் டோக்கன். பின்னாளில் அக்கா விடியலில் மாரிகுப்பம் ரயில் ஏறி பெங்களூர் கம்பெனிக்குப் போனாள், மூன்றாம் நம்பரை எடுத்துக்கொண்டு போனாள். ரயில் லேட்டானால் அப்பா வாசலிலேயே நிற்பார். நான் நர்ஸிங் படிக்கப் போனபோதும் நாலாம் நம்பர் என் பையில் இருந்தது. நியூசிலாந்துக்குக் கிளம்பிய அன்று, எடுக்கவா என்று தயங்கினேன். அவரே ஆணியிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தார். "நீயே வந்து மாட்டணும். வேற ஆள் கையில குடுக்காத" என்றார்.

ஏரிக்கரையில் நானும் மகளும் மூன்று நாள் இருந்தோம். நோட்டில் எழுதிய நேரத்துக்கு அரைமணி முன்பாகவே மலையிலிருந்து இறங்கிவிட்டோம். நரைத்த அம்மாள் எங்கள் வரிக்கு நேரே ஒரு டிக் போட்டு, என் அப்பாவின் பெயரைத் தொட்டுக் காட்டி, "இவரிடம் சொல்லிவிடுங்கள், கவலைப்படப் போகிறார்" என்றார். அவர் என் மகளின் மூஞ்சியையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டார் என்பதைக் கவனித்தேன். அந்த நாட்டின் மேல் எனக்கு அன்று ஒரு தனிப் பிரியம் வந்தது. கூடாரத்தில் படுக்கிறவர்களைப் பார்த்து நான் இனிமேல் சிரிக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் மாரிகுப்பத்துக்குப் போன் போட்டேன். மகள் பக்கத்தில் நின்றாள்.

"ஏறிட்டோம்பா" என்றேன்.

 போனில் செருப்புச் சத்தம் கேட்டது, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"எங்கம்மா ஏறுன? நாலு காலியா தான கீது" என்றார் அப்பா.

மகள் நான் பையிலிருந்து எடுத்துப் பிடித்திருந்த தகர வில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புள்ளி புள்ளியாகக் குத்திய நம்பரைத் தடவினாள். "அம்மா, இதுக்கு இங்கேயே நம்ம சுவத்துல ஒரு ஆணி அடிச்சா என்ன?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். சுத்தியல் எந்த டிராயரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போய் எடுக்கத்தான் முடியவில்லை.